குட்டிகளுக்குப் பால் மறக்கடித்த கோடை

மயிலாப்பூரில் அந்த மாடி வீட்டை வாடகைக்குக் கொடுக்கும்போதே கீழ்வீட்டு மாமி சொல்லியிருந்தார். "நாய் இருந்தா பரவாயில்லை. ஆத்துக்குள்ள மாமிசம் மட்டும் வரப்படாது." எனக்கு அதில் சிரமம் இல்லை. பிறந்ததிலிருந்தே நான் கறியைத் தொட்டதில்லை. கணவர் வெளியில் சாப்பிட்டுக்கொள்வார். நாய்க்குப் பாக்கெட் தீனி.

நாய் ஐந்து குட்டி போட்ட சில நாட்களில் கணவரை அலுவலக வேலையாக இரண்டு மாதம் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். குட்டிகளுக்குப் பல் முளைத்தது. பால் குடிக்கும்போதே கடித்தன. தாய் வலி தாங்காமல் உதறிக்கொண்டு சோபாவில் ஏறிவிடும்.

"பால் மறக்கடிக்கணும். பச்சைக் கறிதான் பெஸ்ட்," என்றார் அவர் போனில். "நாய் வளக்கறவங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. கைமாவா வாங்கிக்கோ. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடு."

"இந்த வீட்டுலயா?"

"பச்சையா இருந்தா வாசனை வராது. யாருக்கும் தெரியாது."

முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ராயப்பேட்டைப் பக்கம் ஒரு கறிக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய், "எத்தினி வாரக் குட்டி?" என்று கேட்டார்.

"நாலு."

"இத்தினூண்டு குட்டி பச்சையாவா துண்ணும்? நாங்கல்லாம் வேக வெச்சுதாம்மா குடுப்போம்."

நான் பணத்தை நீட்டினேன். அவர் கொழுப்பை நீக்கி இரண்டு முறை அரைத்துக் கொடுத்தார்.

முதல் நாள் விரல் நுனியில் எடுத்து நீட்டினேன். குட்டிகள் கறியோடு என் விரலையும் சேர்த்துச் சப்பின. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பிறகு பழகிவிட்டது, ஆனால் அந்தக் கையால் மட்டும் சோறு பிசைய முடியவில்லை. தயிர் சாதத்தைக்கூட ஸ்பூனால் சாப்பிட்டேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதால் எங்கும் போக முடியாது. மாமி படியேறும் சத்தம் கேட்டால் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன். ரத்தம் பட்ட பைகளைக் கைப்பைக்குள் வைத்து எடுத்துப்போய், லஸ் தாண்டி ஒரு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவேன். எதிரில் மாமி வந்தால், "கோயிலுக்கா?" என்பார். தலையை ஆட்டுவேன்.

பதினோராம் நாள் காலை எல்லாவற்றிலும் சிறிய குட்டி துவண்டு கிடந்தது. வயிற்றுப்போக்கில் ரத்தம். துண்டில் சுற்றி ஆட்டோவில் அடையாறு நாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பச்சைக் கறியில கிருமி இருக்கும். பெரிய நாயே சில நேரம் தாங்காது, இது எப்படித் தாங்கும்?" என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டு, மருந்து எழுதினார். "மத்ததுக்கும் இனிமே நல்லா வேக வெச்சு, மசிச்சுக் குடுங்க."

வேக வைத்தால் வாசனை தெருவரைக்கும் போகும். கணவருக்கு போன் செய்து சொன்னேன்.

"ஒரு குட்டிக்கு முடியலைன்னா எல்லாத்தையும் மாத்துவியா? குரூப்ல கேக்கறேன், இரு."

"நீங்க வந்து வேணா பாத்துக்குங்க," என்று வைத்துவிட்டேன். கல்யாணமாகி அவரிடம் நான் பாதியில் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஜன்னல்களைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். மே மாத மத்தியானம். குக்கரில் கறியை ஏற்றிவிட்டு வியர்வை வழிய நின்றேன். இரண்டாவது விசிலுக்கு அழைப்புமணி அடித்தது.

மாமிதான். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். பொய் சொல்லத் தெம்பில்லை. சிறிய குட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை நாளா?"

"பதினோரு நாளா மாமி."

"தினம் என் மூஞ்சியப் பாத்துண்டு!" என்றார். "மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கோ."

படியிறங்கப் போனவர் நின்றார். "ஜன்னலைத் தொறந்து வை. இந்தப் புழுக்கத்துல அதுகள் செத்துப் போயிடும்."

மூன்றாம் நாள் சிறிய குட்டி எழுந்து மற்றவற்றை முட்டித் தள்ளிக்கொண்டு தட்டுக்கு வந்தது. நானே கொட்டிவாக்கத்தில் ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்தேன். குடிபோகும்வரை தினமும் ஜன்னலைத் திறந்து வைத்தே கறி வேக வைத்தேன். கீழே மாமி வீட்டு ஜன்னல்கள் அந்த மாதக் கடைசி வரை சாத்தியே இருந்தன.