கால் கழுவிவிட்டு உள்ளே வரவும்

கறம்பக்குடியில் உதயசூரியன் வீட்டுக்குப் போகிறவர்கள் அவருக்கு முன்னால் அவர் மாட்டிய போர்டைத்தான் சந்திக்க வேண்டும். ‘கால் கழுவிவிட்டு உள்ளே வரவும்.’ கீழேயே குழாய், அதற்கடியில் சின்னதாக ஒரு சிமெண்டு மேடை. மனிதர் பாதி ஆயுளைச் சிங்கப்பூரில் சேஃப்டி சூப்பர்வைசராகக் கழித்தவர். ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு, இங்கே நிற்காதே என்று அடுத்தவர்களுக்குப் போர்டு மாட்டியே காலம் போய்விட்டது. ஊர் திரும்பிய பிறகு மாட்டுவதற்குச் சொந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

அந்த உத்தியோகத்தைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார்.

“ஏணியில ஏறுனவன் ஒருத்தனும் விழலப்பா. கீழ நின்னு கத்துன நாந்தான் தொண்டை கட்டி ஆஸ்பத்திரியில படுத்தேன்.”

போர்டுக்குக் காரணம் ஹாலில் புதிதாகப் போட்ட மரத்தரை. மரத்தரைக்குக் காரணம் மனைவி சொர்ணவல்லியின் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் ஊர் திரும்பிய பிறகுதான் பார்த்தார். அத்தனை வருடமும் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்றே சொல்லியிருந்தாள். புதுக்கோட்டை டாக்டர், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள் என்றார். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்பா என்று அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். செருப்பு காலுக்கு வராது என்றால் தரையையே மாற்றிவிடுவோம் என்று கிளம்பினார் உதயசூரியன். சேமிப்பில் ஒரு பங்கு பலகையாக மாறி ஹாலில் படுத்தது. காய் நறுக்குவது, துணி மடிப்பது, டிவி பார்ப்பது எல்லாம் இனி இங்கேதான் என்று அவளுக்கு இடம்கூடக் காட்டினார்.

பலகை போட்டவன் புதுக்கோட்டை சார்லஸ். சுவரோரம் விட வேண்டிய இடைவெளியெல்லாம் விட்டு ஒழுங்காகத்தான் போட்டான். ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள், மணல் ஏறினால் கீறல் விழும் என்று இரண்டே புத்தி சொல்லிவிட்டுப் போனான். இரண்டு போதுமா நம் சூப்பர்வைசருக்கு? ரப்பர் கறை பிடிக்கும், அடியில் மண் சேரும் என்று வாசலில் கிடந்த கால்மிதியைத் தூக்கிப் பரணில் போட்டார். குழாய் வைத்தார். போர்டு மாட்டினார். அதோடு கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், மரத்தரை போட்டதிலிருந்து வீட்டுக்காரிக்குக் குதிகால் வலி பாதி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளைக் கேட்டால் ‘பரவால்லங்க’ என்பாள். அந்த ஒரு வார்த்தையை அவர்தான் இவ்வளவு பெரிதாக வளர்த்து வைத்திருந்தார்.

மழைக்காலம் பிறப்பதற்கு முன்பே வாசலோரப் பலகைகள் முனை தூக்கின. முதலில் பார்த்தவர் அவர்தான். பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவற்றின் மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களை அங்கிருந்தே வரவேற்றார், அங்கிருந்தே வழியனுப்பினார். ஊர்ச் சங்கத் தலைவர் வந்தபோதுகூட எழுந்திருக்காததால் ஊரில் ஒரு கெட்ட பெயர்தான் மிச்சம். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை முனை தூக்கியது.

சார்லஸுக்குப் போன் போட்டார். தண்ணீர் ஏதாவது படுகிறதா என்று அவன் கேட்டான். உதயசூரியனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரிடம் கேட்கிறாய், ஒரு சொட்டு ஈரம் இந்தத் தரையில் பட்டது கிடையாது என்று கத்தினார். அப்படியானால் அடித்தரையிலிருந்து ஈரம் ஏறலாம், அது உண்மையானால் மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு டைல்ஸுக்கே திரும்ப வேண்டியதுதான் என்றான் அவன்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெயர்த்தால் சொர்ணவல்லி மறுபடி டைல்ஸில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஈரம் ஏறுகிறதா என்று சுவரோரம் ஒரு பலகையைக் கழற்றி, அடியில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்துப் பார்த்தார். மறுநாள் தாளில் வேர்வைப் பொட்டுகூட இல்லை. கரையானோ என்று தரையில் காதை வைத்துக் கேட்டார். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம்தான் கேட்டது. கடைசியில் செல்போன் டார்ச்சோடு வாசலில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் மூக்கை வைத்துத் துப்பறிந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆலங்குடியிலிருந்து மச்சினன் திருப்பதி கடலை மூட்டையோடு வந்து சேர்ந்தான். போர்டைப் படித்தான். மூட்டையை இறக்கி, குழாயைத் திறந்து, முழங்கால் வரைக்கும் பயபக்தியோடு கழுவினான். உள்ளே கால் வைத்தான். கணுக்காலில் இருந்து வழிந்த தண்ணீர் நேராகப் பலகை இடுக்கில் இறங்கியது. ஒரு சொட்டு உதயசூரியனின் கண்ணாடியில் விழுந்தது.

“என்ன மச்சான், தரையில நீச்சலா?”

உதயசூரியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பால்காரர், போஸ்ட்மேன், சங்கத் தலைவர் என்று அவர் சொல் கேட்டுக் கால் கழுவி, துடைக்க மிதி இல்லாமல், இதே பலகையில் சொட்டச் சொட்ட ஏறிய அத்தனை கால்களும் கண்முன் வந்துபோயின. சிங்கப்பூரில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அன்றே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

“மாப்ள, தண்ணி ஊத்துனவன் அகப்பட்டுட்டான். இந்தா படுத்துருக்கான் பாரு.”

அவமானத்தை மீறி ஒரு நிம்மதியும் இருந்தது. கெட்டது வாசலோரம் மட்டும்தான். அதை மாற்றினால் போதும், மொத்தமும் பெயர்க்க வேண்டாம். மற்ற பலகைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே தவழ்ந்து அடுக்களைப் பக்கம் போனார். அங்கே எல்லாம் கடையில் பார்த்த அன்றைய பளபளப்பு. அவள் காய் நறுக்க அவர் காட்டிய இடத்தில் விரலில் தூசி ஒட்டியது. சந்தோஷத்தில் அவளைக் கூப்பிட்டவர், தூசியைப் பார்த்ததும் விரலைத் துடைத்துவிட்டு அதே இடத்தை மறுபடி தடவிப் பார்த்தார்.

சொர்ணவல்லி கொல்லைப்புறக் கதவு வழியாக வந்து, அடுக்களை டைல்ஸிலேயே நின்றாள்.

“ஏன் அங்கனயே நிக்கிற? இங்கிட்டு வா.”

“கால் ஈரமா இருக்குங்க.”

“நீ இதுல நடக்குறதே இல்லையா?”

“படுக்கப் போறப்ப ஓரமாப் போயிக்கிருவேன். அம்புட்டு ஆசையாப் போட்டீங்க, நான் நடந்து எதுக்கு வீணாக்கணும்? நமக்குத்தான் கொல்லக்கதவு இருக்கே.”

இத்தனை நாள் வீட்டிலேயே இருந்தும் அவர் கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் பலகையை. கடைத்தெருவில் பாதி வலியைக் குணப்படுத்தியது நினைவுக்கு வந்து அவருக்கு முகம் சுட்டது.

அவர் எழுந்து போய் போர்டைக் கழற்றினார். திருப்பதியின் மூட்டையிலிருந்த கடலையைத் தரையில் கொட்டிவிட்டு, சாக்கை வாசலில் விரித்தார். பிறகு வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். தம்பி முன்னால் இதென்ன கூத்து என்று கூசிக்கொண்டே சொர்ணவல்லி பலகையில் கால் வைத்தாள். குதிகாலை மெதுவாக ஊன்றினாள்.

“வலிக்குதா?”

“ஒடனே தெரியுமாங்க? நாலு நாள் நடந்து பாத்துட்டுல்ல சொல்லணும்.”

சொல்லிவிட்டு, கொட்டிக் கிடந்த கடலையை அள்ள அவள் ஹாலின் நடுவே நடந்துபோனாள். ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகப் பலகையில் பதிந்தன. ஈரத்தைத் துடைக்க உதயசூரியனின் கை தானாகத் தோள்துண்டுக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்து அதை இழுத்து மடியில் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.