கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்ட ரோஸ்லின்

செய்தி காலையில் வந்தது. ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனியின் லோடிங் வாசலில் நின்று ஒரு டிரைவரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ரோஸ்லினின் கணவர் அந்தோணி கூப்பிட்டார். "சார், ரோஸி போயிட்டா" என்றார். உடம்பு சரியில்லை என்று லீவில் இருந்தவர், அடுத்த வாரம் வந்துவிடுவேன் என்று சொன்னவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அட கடவுளே, இது என்ன நியாயம்?

கெலமங்கலத்தில் அடக்கம் முடிந்து வந்த பிறகு, அவரைப் பற்றி நீங்கள் யாராவது எழுதுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். நான் எழுதுகிறேன் என்றேன். சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் கணேசனுக்கு, அதாவது எனக்கு, வாய் நீளம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயால் ரோஸ்லினை எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். அவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ரோஸ்லின் செய்தது இணைக்கிற வேலை. தரப் பரிசோதனைக்காரர்கள் எழுதும் விவரம் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. கேட் பாஸ் வேறொரு செயலியில், லாரி புக்கிங் இன்னொன்றில், வாடிக்கையாளருக்குப் போகும் தகவல் மின்னஞ்சலில். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் நாங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தோம். ரோஸ்லின் திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்து, எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார். பக்கம் பக்கமாக நிரல் எழுதத் தேவையில்லாத கருவி அது. டேட்டாபேஸில் ஒரு சொல் மாறினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். "என்னம்மா, கோலம் போட்டு முடிச்சாச்சா?" என்று கேட்பேன். "புள்ளி வெக்கிறது ஈஸி சார். கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு பாக்கிறதுதான் கஷ்டம்" என்பார்.

அந்தக் கோடுகள் போட்ட முதல் வருடம் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முன்தினம் நம் கம்பெனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தரை கழுவுவோம், மெஷினைத் துடைப்போம், பொட்டு வைப்போம். நான் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் நுழைந்தேன். ரோஸ்லின் திரையைப் பார்த்தபடி, தரப் பரிசோதனை சூப்பர்வைசர் நஞ்சப்பாவிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நஞ்சப்பா அண்ணா, நிறுத்தி வெச்சிருந்த அந்த பிரேக் பெடல் லாட்டை எப்போ மறுபடி செக் பண்ணீங்க?"

"எங்கம்மா செக் பண்ணேன்? பூஜை நாள்ல பெண்டிங் இருக்கக் கூடாதில்ல, அதான் டேட்டாபேஸ்ல எல்லாத்தையும் குளோஸ்னு போட்டு வெச்சேன். பூஜை முடிஞ்சதும் திறந்துக்கலாம்."

வருடா வருடம் அவர் அப்படித்தான் செய்வார். சாமிக்கு முன்னால் முடிக்காத வேலை எதுவும் நிற்கக் கூடாது என்பது அவர் வழக்கம். கையால் கேட் பாஸ் எழுதிய காலத்தில் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்த வருடம் கோடு இருந்தது. குளோஸ் என்றால் சரக்கு சரியாக இருக்கிறது, அனுப்பலாம் என்று கோட்டுக்கு அர்த்தம். கேட் பாஸ் தானாக வந்தது, லாரியும் தானாக புக் ஆனது. தரை கழுவியதில் பெட்டிகள் மேலிருந்த, அனுப்பக் கூடாது என்கிற சிவப்புச் சீட்டு உரிந்துபோய், அந்த இடத்தில் யாரோ பக்தியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஏற்றுகிறவர்கள் ஏற்றிவிட்டார்கள்.

அந்தப் பெடல்களில் மயிரிழை விரிசல் இருந்தது. இரு சக்கர வண்டியில் காலை வைத்து மிதிக்கிற பெடல் அது. கர்நாடக எல்லை தாண்டி பொம்மசந்திரா பக்கம் இருந்த வாடிக்கையாளரின் ஆலையில் இறக்கிவிட்டால், நேராக அசெம்பிளிக்குப் போய் மற்ற பெடல்களோடு கலந்துவிடும். அப்புறம் எது நல்லது, எது விரிசல் விட்டது என்று பிரிக்கவே முடியாது. ரோஸ்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

லாரி கிளம்பிப் போயிருந்தது. டிரைவர் மாதேஷ் போனை எடுக்கவில்லை. அப்போது இருந்த பிளான்ட் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கணேசன், யாருக்கும் தெரியாம வண்டியைத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க. கஸ்டமருக்குத் தெரிஞ்சா நம்ம கதை கந்தல்" என்றார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். பறந்தேன் என்று சும்மா சொல்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியில் ரோடு அப்படியே அடைத்துக் கிடந்தது. வாழைக்கன்று கட்டிய லாரிகள், ரோட்டிலேயே பூ விற்கிறவர்கள், ஹாரன். இண்டு இடுக்கில்கூடப் புக முடியவில்லை. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது.

அப்போது ரோஸ்லின் கூப்பிட்டார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"ஜூஜூவாடியிலயே நிக்கிறேன்மா. நகரவே மாட்டேங்குது."

"வண்டி அத்திப்பள்ளி தாண்டிடுச்சு சார். லாரிக்காரங்க ஆப்ல காட்டுது." அடுத்த மூச்சில் சொன்னார்: "நான் கஸ்டமர் கேட்டுக்கே தகவல் அனுப்பிடறேன்."

"ஏம்மா, மேனேஜர் வேண்டாம்னார். உன் வேலை போயிடும்மா."

"பிரேக்கு சார் அது" என்றார். போனை வைத்துவிட்டார்.

ஆபீஸ் அறையில் நடந்ததை நஞ்சப்பா பிறகு என்னிடம் சொன்னார். கோடுகள் எல்லாம் முன்னால் போவதற்குத்தான் இருந்தன, திரும்பி வருவதற்கு ஒன்றும் இல்லை. ரோஸ்லின் உட்கார்ந்து, அந்த நேரத்தில், திரும்பி வருகிற கோட்டைப் போட்டார். நிறுத்து என்று டேட்டாபேஸில் மாற்றினால் கேட் பாஸ் ரத்தாகும், வாடிக்கையாளரின் செக்யூரிட்டிக்கும் தரப் பிரிவுக்கும் காரணத்தோடு செய்தி போகும். மேனேஜர் பின்னால் நின்று, "வேண்டாம் ரோஸ்லின், சொன்னா கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிக்கொண்டே இவர் கோட்டை இழுத்து முடித்தாராம். அழுத்தியும்விட்டார்.

நான் ஒரு வழியாக அத்திப்பள்ளியைத் தாண்டி அந்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் லாரி கேட்டுக்கு வெளியே ஓரமாக நின்றிருந்தது. முன்கண்ணாடியில் புது மாலை. மாதேஷ் ஒன்றும் புரியாமல், "சார், செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்கறான், என்னங்க ஆச்சு?" என்று என்னைப் பார்த்தான். பெட்டி ஒன்றுகூட இறங்கவில்லை. நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது? விசாரணை கிடைத்தது. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. கேண்டீனில் அவர் உட்கார்ந்த மேசைக்குச் சிலர் வரவே பயந்தார்கள். இன்றைக்கு அவர் படத்துக்கு முன்னால் மூக்கைச் சிந்தினவர்களில் அந்தச் சிலரும் இருந்தார்கள். சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வருத்தப்படுகிறவர்கள் படட்டும்.

விசாரணையில் பழியை நஞ்சப்பா தலையில் கட்டத்தான் பார்த்தார்கள். ரோஸ்லின் விடவில்லை. "அவர் எப்பவும் செய்யறதைத்தான் செஞ்சார். கோடு போடறதுக்கு முன்னாடி பூஜைக்கு என்னென்ன பண்ணுவீங்கன்னு நான் அவரைக் கேக்கலை" என்றார். அதன் பிறகு எந்தப் பிரிவுக்குப் புதிதாக இணைப்புப் போட்டாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான்: "பண்டிகைக்கு முன்னாடி இங்க என்ன பண்ணுவீங்க?" ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நஞ்சப்பாவின் பக்கத்தில் நின்று பொரி கடலை கொறித்துக்கொண்டே, யார் எதைத் துடைக்கிறார்கள், எதை மூடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். எனக்குப் பாதிதான் புரியும். என்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

இன்னொன்றும் செய்தார். கேட் பாஸுக்கு முன்னால் ஒரு பெட்டியைச் சேர்த்தார். அங்கே எல்லாம் நிற்கும். டிஸ்பாட்ச் ஆளின் போனுக்கு ஒரு செய்தி வரும். அவர் பதில் அழுத்தினால்தான் லாரி நகரும். "எல்லாம் தானா நடக்கணும்னுதானே இத்தனை பாடு? மறுபடி எங்களையே ஓட விடறியே" என்று கத்தினேன். "நீங்க ஓட வேண்டாம் சார், நடந்து போய்ப் பாத்தாப் போதும்" என்றார். அந்தச் செய்தியை அவரே எழுதினார், பேசுகிற மாதிரியே.

ரோஸ்லின் போன செய்தியைச் சொல்லி அந்தோணி போனை வைத்த பிறகு நான் லோடிங் வாசலிலேயே நின்றிருந்தேன். கையிலிருந்த போன் அதிர்ந்தது. "வண்டி நிக்குது சார். பெட்டியைக் கண்ணால பாத்தீங்களா?" என்று இருந்தது.

கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பிகள் நேற்று வந்து, அந்த வாசகத்தை ஆபீஸ் முறையில் மாற்றிவிடட்டுமா என்று கேட்டார்கள். கை வைத்தால் தெரியும் சேதி என்றேன். ரோஸ்லினிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

அன்று காலை எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பதிலை அங்கேயே நின்று அழுத்தியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரிக்குள் ஏறினேன். பெட்டி பெட்டியாகச் சீட்டைப் பார்த்தேன். இறங்கி வந்து அழுத்தினேன்: பார்த்தேன்.