வெளியே வைத்த மைக்

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. போன வருஷம் ஐப்பசி மழையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், இது எனக்கே நடந்தது.

நான் கொழும்பில் ஒரு ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன். எங்கள் குழுவும் ஒரு சிம்பொனி இசைக்குழுவும் சேர்ந்து அல்பம் ஒன்று செய்தோம். மூடிக் கிடக்கும் எங்கள் தேயிலை ஃபெக்டரியின் மரத்தளத்தில் சத்தம் அருமையாக எழும்பும் என்று சொல்லி எல்லாரையும் கூட்டிவந்தவன் நான்தான். வயலின்காரர்கள் அட்டைக்கடியோடும் புலம்பலோடும் வந்து சேர்ந்தார்கள்.

இசைக்குழுவை நடத்தும் மாஸ்டருக்கு எங்கள் சாவு வீட்டுத் தப்பு மேளத்தின் அடி வேண்டுமாம். சாக்ஸபோனோடு அது சேர்ந்து போகணுமாம். அம்மா மூக்காயிக்கு இதைக் கேட்டதும் மூக்குக்கு மேலே கோபம்.

"அடிக்கிறதுன்னா அடி. நடுவுல மட்டும் நிறுத்திராதடா. எடுத்த அடி மயானம் போய்த்தான் நிக்கணும். பாதியில நின்னா ஆளத் தேடும்."

"சரிம்மா, முழுசா அடிச்சிர்றேன்."

ரெக்கோர்டிங்கில் எவன் முழுசாக அடிக்க விடுகிறான்? பிற்பகல் மூன்று மணி. பாதியில் ஒரு வயலின் பிசகியது. மாஸ்டர் கையைத் தூக்கினார். பழக்கதோஷம்... நானும் நிறுத்திவிட்டேன்.

ஹெட்போனில் தப்பு நிற்கவில்லை.

"கஜேந்திரன், நிப்பாட்டுங்க" என்றார் சவுண்ட் இஞ்சினியர் றம்ஸான்.

"நான் அடிக்கலங்க." குச்சிகளைத் தரையில் வைத்துக் காட்டினேன்.

டண்... டண்டண்... டண்...

றம்ஸானின் திரையில் என் மைக்கின் கோடு அடங்கியது. வயலின் மைக்கின் கோடு துடித்தது. பிறகு அதுவும் அடங்கி, கதவோர மைக். தப்பு நடந்து போகிறது...

அடுத்தது, மழைச் சத்தத்துக்காக வெளியே வைத்த மைக்.

அதில் காலடிகளும் கேட்டன. நிறையப் பேர்...

பாதை கீழே இறங்குகிறது. கீழே எங்கள் வீட்டு வரிசை, லயம்.

லயத்தில் அம்மா.

ஓடினேன். வழுக்கி விழுந்தேன். எழும்பி ஓடினேன். ஐயோ, என் கையாலேயே அவளுக்கு அடித்துவிட்டேனே...

அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் இருந்தாள்! கட்டிப்பிடித்து அழுதேன்.

"என்னடா இப்புடி நனஞ்சிருக்க? தலயத் தொவட்டு." தேத்தண்ணி தந்தாள். என் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "போ சாமி, வேலய முடிச்சிட்டு வா."

மறுநாள் காலையில் அம்மா எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

கருமாதி முடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி அக்கா சொன்னார். அன்றைக்கு மூன்று மணி போல, கொட்டுகிற மழையில், அம்மா வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாளாம். எதிரே ஒருவரும் இல்லையாம்.

"'யாருக்குங்க?'ன்னு கேட்டுச்சு தம்பி. எதையோ காது குடுத்துக் கேட்டுச்சு. அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. 'என் மகன விட்ருங்க... நான் வர்றேன்'னுச்சு."