கப்பலிலிருந்து வந்த நைட்டி

விஜிலா அக்காவிடம் மீன் கழுவ ஒரு நைட்டி, கடைக்குப் போக ஒரு நைட்டி, மாதா கோயில் வாசல்வரை போக ஒரு நைட்டி உண்டு. பெயரில் உள்ள ராத்திரிக்குத்தான் ஒன்றும் கிடையாது. ராத்திரிக்குப் பழைய சேலை. எந்த நைட்டியானாலும் தோளில் ஒரு துண்டு விழுந்துவிட்டால் அது வெளி உடுப்பு. எங்கள் தெருப் பெண்கள் அப்படித்தான் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பேங்க் எல்லாம் போய் வருகிறார்கள். கோயில் பங்குச்சாமியே ஒன்றும் சொன்னதில்லை.

பீரோவுக்குள் இன்னொன்று இருந்தது. மயில்நீலம், கழுத்தில் பூவேலை. கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்க்கும் கணவர் ஜெரால்டு, ஊருக்கு வந்த கூட்டாளி கையில் கொடுத்தனுப்பியது. "அவிய பாக்காம இதுல தண்ணிகூட படாது" என்று அக்கா அதை மடித்தே வைத்திருந்தாள்.

அவருடைய கப்பல் முதல்முறையாகத் தூத்துக்குடிக்கே நிலக்கரி கொண்டு வந்தது. இறங்க அனுமதியில்லை; வீட்டுக்காரர்கள் கப்பலுக்குப் போய்ப் பார்க்கலாம். கிளம்பும் நாளில்தான் அதற்கும் அனுமதி கிடைத்தது. காலையிலேயே போன் வந்தது.

"ஏளா, நான் அனுப்புன நைட்டிய போட்டுட்டு வா. கண்ணால பாக்கணும்."

"ஹார்பருக்கா? உங்களுக்குக் கிறுக்கா?"

"துண்டு போட்டுக்கிட வேண்டியதுதான!"

மயில்நீலத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா வந்தபோது, தெரு முக்கில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வேன் நின்றது. கூட்டிப் போக வந்தவர் சாத்தான்குளத்துப் பொன்னுதுரை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்போல ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக இறக்கிவைக்கும் குரல்.

"அம்மா... இது... நைட்டி."

"ஆமா அண்ணாச்சி, புதுசு."

"இத உடுத்திட்டுக் கப்பல்ல ஏற விடமாட்டாங்கம்மா. நைட்டின்னா... ராத்திரி... உடுப்பு."

"ராத்திரி உடுத்தி இருட்டுக்கா காட்டச் சொல்லுதிய? பகல்ல உடுத்தத்தான வாங்குதோம்! துண்டு வேற போட்டிருக்கேம்லா!"

"கேப்டன் வெளிநாட்டுக்காரரு. அவருக்குத் துண்டு தெரியாதும்மா."

"அங்கன பாருங்க, தெருவே இப்படித்தான நிக்கி!"

பொன்னுதுரை பார்த்தார். டீக்கடை, காய்கறி வண்டி, ஆட்டோ, எங்கும் நைட்டியும் துண்டும். "எங்க வீட்லயும் இதே கததான்" என்று பெருமூச்சு விட்டார். "நான் என்ன செய்ய? ஓடிப்போய்ச் சேலை கட்டிட்டு வாங்க."

அக்கா ஓடினாள். சேலைகள் இருந்தன. வருஷக்கணக்காக நைட்டியிலேயே இருந்த உடம்புக்குத்தான் எந்த ஜாக்கெட்டும் ஏறவில்லை. ஒன்றில் கொக்கி தெறித்தது, இன்னொன்றில் கை பாதியில் நின்றது. கடைசியில், போன திருவிழாவுக்குத் தைத்த ஜாக்கெட் ஒன்று ஏறியது. அதற்குச் சேர்ந்தது பட்டுச்சேலை. கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு முக்குக்கு வந்தபோது வேன் போயிருந்தது. "வேன்ல இருந்த மத்தவங்க அவசரப்படுத்துனாங்க, ஆட்டோல ஹார்பர் கேட்டுக்கு வாங்க" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார் பொன்னுதுரை.

ஆட்டோ, கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டியது. "ஏலே தம்பி, சந்து இருந்தா விடேம்ல!" "அக்கா, சந்துலயும் லாரிதான் நிக்கி!" வேர்வையில் பட்டு முதுகோடு ஒட்டியது.

கேட்டுக்கு வெளியே பொன்னுதுரை நின்றார். முகத்திலேயே தெரிந்துவிட்டது. "கப்பல் கிளம்பப் போகும்மா. இனி யாரையும் ஏத்த மாட்டாங்க."

அக்காவின் கையில் போன் அடித்தது.

"ஏளா, வந்துட்டியா?"

"வந்துட்டேன். கேட்டுகிட்ட நிக்கேன்."

"நம்ம நைட்டியா?"

அக்கா குனிந்து பட்டுக்கரையைப் பார்த்தாள். "ம். அதான்."

"துண்டு?"

"போட்டிருக்கேன்."

"வேலைக்குக் கூப்பிட்டாச்சு. ஒரு நிமிசம் வீடியோல வா. பாத்துக்கிடுதேன்."

"நெட்டு கிடைக்கல" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு பொன்னுதுரை பக்கம் திரும்பினாள்.

"சேல நல்லாருக்கா அண்ணாச்சி?"

அவர் கேட்டுக்குள் போகும் லாரியைப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. உங்களுக்காகத்தான் கட்டிட்டு வந்திருக்கேன்!"