முடி என்ற ஒரு சொல்

எனக்கு வந்திருப்பது ‘ஹேரி செல்’ என்ற அபூர்வமான ரத்தப் புற்றுநோய், மெதுவாகத்தான் வளரும், மருந்துக்குக் கட்டுப்படும் என்றார் டாக்டர். ஹேரி என்றால் என்னவென்று நர்ஸிடம் கேட்டேன். “முடிம்மா” என்றாள். அதன்பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை.

பாகூரில் நான் தனியாக இருக்கிறேன். மகன் துபாயில். பக்கத்து வீட்டு மும்தாஜ் தினமும் மதியம் சீப்போடு வருவாள். ஒருவருக்கொருவர் பேன் பார்த்து, தலைவாரிக்கொள்வோம். அன்று அவளை வாசலிலேயே நிறுத்தினேன்.

“இனிமே வராதடி.”

“நான் இன்னாக்கா பண்ணேன்?”

முடி வழியாக அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அதைச் சொல்ல வெட்கம். கதவைச் சாத்திவிட்டேன். உதிர்ந்த முடியையெல்லாம் பொறுக்கி எரித்தேன். மதியத்தில் பேச்சுக்குரல் கேட்கட்டுமென்று டிவியை ஓடவிட்டேன்.

அடுத்த முறை டாக்டரிடம், “மொட்டை போட்டா போயிடுமா சார்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் ரத்தத்தின் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். உருண்டையான செல்லைச் சுற்றி மெல்லிய இழைகள்.

“பார்க்க முடி மாதிரி இருக்கறதால வெச்ச பேரும்மா. தலைமுடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. யாருக்கும் ஒட்டாது.”

பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக மும்தாஜ் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சீப்பை என் கையில் கொடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தேன். தலை முழுக்கச் சிக்கு.

தனியாக இருந்தது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.