பொன்னாயியிடம் இல்லாத சந்தோசம்

"சந்தோஷம் இருக்கிறதா?" என்று உபதேசியார் கேட்டார். "இல்லீங்க சாமி, இந்த வருசம் இல்லீங்க" என்றாள் பொன்னாயி. அந்த ஒரு பதிலுக்காகச் சபைப் பதிவேட்டில் அவள் பெயர் அடிக்கப்பட்டது.

இது கொல்லிமலைத் திருப்புலி நாட்டில், 1934-ல் நடந்தது. திருவிருந்துக்கு முன்னால் மாசிலாமணி உபதேசியார் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்து ஒவ்வொருவரையும் விசாரிப்பார். ஞானஸ்நானத்தன்று கைதட்டிப் பாடியவள் இப்போது கல்லாக நின்றாள். பின்வாங்கிப் போனவள் என்று எழுதினார். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குற்றத்துக்காக அவளையும் கணவன் குழந்தைசாமியையும் ஊர் ஏற்கனவே தள்ளிவைத்திருந்தது. அடுப்பு மூட்டக் கங்குகூடக் கொடுப்பதில்லை. போன ஐப்பசியில் காய்ச்சல் குழந்தைசாமியைக் கொண்டுபோயிற்று. சபைக் கல்லறையில் அவன் பக்கத்தில் ஆறடி இடம், அவளுக்கு மிஞ்சிய ஊர் அவ்வளவுதான். பெயர் போனால் அதுவும் போச்சு.

மறு ஞாயிறு அவளே முதலில் வந்தாள். வழக்கம்போல் சபைக் கோயிலைச் சாணியால் மெழுகிவிட்டு, வாசலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் செல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன என்று கடிந்துகொண்டான்.

"பொய் சொல்லிப்போட்டு எதைக் குடுக்கறது? கோழி அத்தனையும் கழிச்சல்ல போச்சு. சந்தோசத்துக்கு நான் எங்க போவேன்?"

அவள் சொல்லும் சந்தோசம் எது என்று செல்லமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது.

விறகு பொறுக்கினால் காட்டுக் காவல்காரன் கேட்பது சந்தோசம். வரி எழுத வருகிறவன் கேட்பதும் சந்தோசம். ஒரு கோழி, அல்லது ஒரு குடுவைத் தேன். பிடுங்குகிறவன் தன் பிடுங்கலுக்கு வைத்த பெயர் அது. முப்பது வயதாகியும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளை அவள் கேட்டதில்லை. பாட்டில் வரும் சந்தோஷத்தையும் காணிக்கை என்றே நினைத்துப் பாடியிருக்கிறாள். கோழியைத் திருடியவர்கள் சொல்லையும் திருடிப் போயிருக்கிறார்கள். வேதம் சொல்ல வந்தவருக்கோ அது தெரியவே இல்லை.

செல்லமுத்து புளியஞ்சோலை வழியாக இறங்கிப் போய், அடுத்த ஞாயிறு காலை உபதேசியாரை அழைத்துவந்தான். பொன்னாயி அப்போதுதான் மெழுகி முடித்திருந்தாள். வழியிலேயே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். உபதேசியார் வாசலில் அவளெதிரே தரையில் உட்கார்ந்தார். கேட்டது கோழியை அல்ல, மனசு பூரிப்பதை என்று விளக்கினார். மடியில் பதிவேடு, கையில் பேனா, இரண்டும் திறந்தே இருந்தன. ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

பொன்னாயி கையில் ஒட்டிய சாணியைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் இல்லீங்க சாமி."

செல்லமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அவரு செத்ததுலிருந்து இல்லீங்க. பாடுனா வாய்தான் பாடுது. கும்புட்டா செவுத்தோட பேசற மாதிரி இருக்குது."

பிறகு எதற்காக வருகிறாள் என்று உபதேசியார் மெல்லக் கேட்டார்.

"ஏசுசாமி பின்னால வாரயான்னு நீங்கதான கேட்டீங்க? வாரேன்னு சொன்னேன். மனசு பூரிச்சா வாரேன்னு சொல்லலீங்களே."

சந்தோஷம் இருக்கிறதா என்று உபதேசியாரை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்த உண்மையை அவர் சொல்லியிருப்பாரா? குனிந்து, அடித்த பெயரின் மேலே மறுபடியும் பெயரை எழுதினார். எழுந்து உள்ளே போகக் காலெடுத்து வைத்தார்.

"பாத்து நடங்க சாமி," என்றாள் பொன்னாயி. "மெழுகுனது இன்னும் காயல."