மாமாவின் சிவப்பு ஹெலி

அன்று பின்னேரம் கடற்கரையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, மோட்டார் சைக்கிள் பெட்டறியைத் தூக்கி வந்த, எனக்கு மூத்தவரான என் உடன்பிறந்த காக்கா, வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் இருவர், பிறகு நான். உம்மா வரவில்லை. "அந்தச் சாமான் என்ட வளவுக்க பறக்கக் கூடா" என்று தன் தம்பியான மாமாவிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

மாமா பழைய ரிமோட் ஹெலிகொப்டர்கள் சேர்ப்பவர். தோஹாவில் வேலை முடிந்து போகிற வெள்ளைக்காரர்கள் கழித்துவிடுவதை வாங்கி, உடைந்ததை மாற்றி வைத்துக்கொள்வார். நான் பிறக்குமுன்பே செய்யப்பட்ட மூன்று ஹெலிகள், சாரத்தில் சுற்றி ஊருக்கு வந்திருந்தன. ஒன்றின் என்ஜின் இறுகிவிட்டது. இன்னொன்றின் மர இறக்கை வெடித்துவிட்டது. மிஞ்சியது சிவப்பு. மறுநாள் மாமாவுக்குப் பயணம். அதற்குள் ஒரு தடவையாவது அது நம்மூரில் பறக்க வேண்டும், அதைத் தன் ராத்தா, அதாவது என் உம்மா, பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலந்தான். நான் மாமாவைத் துருவினேன்.

"பொலிசுல சென்னீங்களா மாமா?"

"சென்னன்."

"ஆமிக்கு?"

"அவங்களுக்கும் சென்னன் புள்ள. இனி ஆருக்குச் செல்ல, கடலுக்கா?"

சுனாமி கொண்டுபோன வீடொன்றின் சீமெந்துத் தரை மட்டும் கரையில் மிஞ்சியிருந்தது. என்ஜினுக்குள் மணல் போகாமலிருக்க மாமா அதன் மேல்தான் ஹெலியை வைத்தார். பெட்டறியைக் கொடுத்து என்ஜினை முடுக்கினார். இருமியது, நின்றது. மறுபடியும் இருமியது, நின்றது.

"என்ன தம்பி, மா அரைக்கிற மிசினா?" என்றார் ஒரு மீனவர்.

"பொறுங்க காக்கா. எழும்பினா முதல் ஓடுறது நீங்கதான்" என்றார் மாமா.

அடுத்த தடவை புகை கக்கிக்கொண்டு பிடித்தது. எரிபொருளில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெய் மணந்தது. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், அது எப்படி எழும்பியது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. எழும்பியது. தென்னை உயரத்துக்குப் போய் டபடபவென்று காற்றை அடித்தது. கடற்காற்று அந்தச் சத்தத்தை அப்படியே தெருவுக்குள் கொண்டுபோனது.

ஹெலிச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் இரண்டு விதமான ஓட்டம் உண்டு. யுத்தத்தில் பழகிய பெரியவர்கள் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஓடுவார்கள். சுனாமிக்குப் பிறகு ஹெலி சாப்பாடு போட்டதைப் பார்த்த பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள். முதலில் வந்து சேர்ந்தது பிள்ளைகள்தான், கையில் உரப்பையோடு.

"பிஸ்கட் போடுறாங்களா? எங்கட பக்கம் போடுங்க!"

மேலே பார்த்துவிட்டு, "ச்சே, குட்டி ஹெலி!" என்றான் ஒருவன். ஆனாலும் பையை மடிக்கவில்லை. பின்னால் பெரியவர்கள் ஒவ்வொருவராக, தலையில் ஒட்டறையோடு வெட்கப்பட்டுச் சிரித்தபடி வந்தார்கள். மாமா ஹெலியைக் கடலுக்கு மேலே வட்டமடிக்கவிட்டார். மூக்கைத் தாழ்த்தி சனத்துக்கு ஸலாம் சொல்ல வைத்தார். மா மிசின் என்றவர் வலையை எறிந்துவிட்டுக் கூவினார்: "மாஷா அல்லாஹ்! இன்னும் உசத்து தம்பி!"

அப்போதுதான் பின்னாலிருந்து இரண்டு கைகள் என் காதுகளை இறுகப் பொத்தின. வெங்காய மணம். உம்மா.

ஊரே கத்துகிற நேரத்தில் எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "கைய எடுங்க உம்மா, இது வெளையாட்டு ஹெலி!" என்று திமிறினேன். அண்ணாந்து பார்த்தால் உம்மாவின் முகம் வானத்தை நோக்கி இருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, மாமாவைப் பார்த்து அவரும் ஏதோ கூவிக்கொண்டிருந்தார். மாமா ஹெலியைப் பூப்போல இறக்கினார். என்ஜின் நின்றது. சனம் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் போனது. அதன் பிறகும் உம்மா கையை எடுக்கவில்லை. இப்படிச் சந்தோசமாகச் சிரிக்கிற ஆள் என் காதை மட்டும் ஏன் இந்த இறுக்கு இறுக்குகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.